படமும் பாட்டும் கூடிக்கிட்டே போகுதா? வீட்ல எதுல வைக்கணும்னு மொதல்லருந்து பாப்போம்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு கொளச்சல்ல இருக்குற எங்க சித்தி மவன் ஒரு போட்டோ அனுப்பினான். 5 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க், கீழ ஒரே வரி, "அண்ணே ஆஃபர்ல கெடக்கு, வாங்கிரட்டா?" அவன்கிட்ட பட டிவிடி மட்டும் இரநூறுக்கு மேல உண்டு, சித்தப்பா வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் வாங்கிட்டு வந்த ஆடியோ சிடி ரெண்டு அட்டப்பெட்டி, அவன் கல்யாண வீடியோ, பிள்ளை பொறந்ததுல இருந்து போன்ல எடுத்தது எல்லாம் சேந்து லேப்டாப் ரொம்பி வழியுது. வாங்காதன்னு நான் சொல்லல, ஒரு நாள் பொறுடேன்னு சொல்லிட்டு மறுநாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் போன்ல வெளக்கினேன். அதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இந்த கேள்வியோட நெறைய பேரு இருக்காங்க, எல்லாரும் டிஸ்க் பேர்லயும் வெலையிலயும்தான் ஆரம்பிக்கிறாங்க.

டிஸ்க்க தேடுறதுக்கு முன்னால ஒங்க கையில இருக்குறத ரெண்டு கூட்டமா பிரிச்சுக்கங்க. போச்சுன்னா மறுபடி காசு குடுத்து வாங்கிக்கலாம், இல்ல ஏதாவது ஆப்ல பாத்துக்கலாம்ங்கறது ஒரு கூட்டம். கடையில விக்குற படம், பெரிய கம்பெனி போட்ட ஆல்பம் எல்லாம் இதுல வரும். இன்னொண்ணு, போச்சுன்னா போனதுதான். கோவில் கொடையில அப்பா டேப் ரெக்கார்டர வச்சு பிடிச்ச வில்லுப்பாட்டு, சர்ச் கொயர் கிறிஸ்துமஸ் பாட்டு பிராக்டீஸ் பண்ணத யாரோ ரெக்கார்ட் பண்ணி வச்சது, கல்யாண வீடியோ, பாட்டா (தாத்தா) பேசுன ஒரு வாய்ஸ், இப்ப எங்கயும் கெடைக்காத பழைய கேசட்டு. இந்த ரெண்டாவது கூட்டத்துக்கு ஒரு போல்டர் தனியா போட்ருங்க. இந்த ஒரு வேலைய செஞ்சுட்டீங்கன்னா பொறவு வர்ற முடிவு எல்லாம் லேசா வந்துரும்.

அடுத்தது கணக்கு. கணக்குன்னதும் பயப்படாதீங்க, பெருக்கல்தான். ஆடியோ சிடியில ஒரு செகண்டுக்கு 44,100 தடவ சத்தத்த அளந்து வச்சிருக்கும், ஒவ்வொரு அளவும் 2 பைட், இடது வலதுன்னு ரெண்டு சேனல், ஆக செகண்டுக்கு 1,76,400 பைட், நிமிஷத்துக்கு பத்தரை எம்பி. அப்படியே எந்த தரமும் கொறயாம சுருக்கி வைக்கறதுக்கு ஃப்ளாக்ன்னு ஒரு ஃபார்மட் இருக்கு, அதுல போட்டா ஏறக்குறைய பாதி ஆகிரும், அதனால ஒரு சிடிக்கு சராசரியா 350 எம்பின்னு வச்சுக்கலாம். எம்பி3ல 320 கேபிபிஎஸ்ல போட்டா நிமிஷத்துக்கு 2.4 எம்பிதான், ஆனா அதுல கழிச்சு விட்ட சத்தம் கழிச்சதுதான், திரும்ப வராது. கார்ல கேக்கவும் போன்ல வைக்கவும் எம்பி3 தாராளமா போதும், ஆனா வீட்ல ஒரு மூலப்பிரதி வைக்கிறதா இருந்தா ஃப்ளாக்ல வைங்கன்னுதான் நான் சொல்லுவேன். பின்னால எம்பி3 வேணும்னா ஃப்ளாக்ல இருந்து எப்ப வேணாலும் எடுக்கலாம், எம்பி3ல இருந்து பழைய சிடி தரத்த எடுக்கவே முடியாது.

படத்துக்கு வாங்க. டிவிடி ஒரு லேயர்னா 4.7 ஜிபி, ரெண்டு லேயர்னா 8.5 ஜிபி, சராசரி 6ன்னு போட்டுக்கங்க. ப்ளூரேன்னா தட்டு 25 இல்லன்னா 50 ஜிபி, அதாவது ஒரு ப்ளூரே படத்த அப்படியே வச்சா அஞ்சாறு டிவிடி வைக்கிற எடத்த அது தின்னுரும். எங்க தம்பி கணக்கு இப்படி வந்துச்சு, 210 டிவிடிக்கு 1,260 ஜிபி, 150 சிடிக்கு 52 ஜிபி, வீட்டு வீடியோவும் போட்டோவும் 180 ஜிபி, ஆயிரம் ஜிபி ஒரு டிபி, ஆக மொத்தம் ஒண்ணரை டிபி. வருஷத்துக்கு எவ்வளவு கூடுதுன்னு பழைய போல்டர்ல தேதிய பாத்தோம், 300 ஜிபிக்கு உள்ளதான். அப்போ நாலு வருஷம் கழிச்சும் 2.7 டிபிதான். டிஸ்க்க முட்ட முட்ட ரொப்பக் கூடாது, பத்துல ஒரு பங்காவது காலியா கெடக்கணும், அப்படி பாத்தாலும் 4 டிபி ஒண்ணுல நிம்மதியா அடங்கிரும். அவன் 5 டிபி பாத்ததுக்கு காரணம் ஆஃபர் மட்டுந்தான்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயம் இந்த கணக்குலதான் இருக்கு. எங்க அப்பா பிடிச்ச வில்லுப்பாட்டு கேசட்டு நாப்பது இருந்துச்சு, எல்லாம் 60 நிமிஷ கேசட்டு. ஒவ்வொண்ணும் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது 635 எம்பி, நாப்பதும் சேத்து 25 ஜிபி. வெறும் 25 ஜிபி! ஒரு 32 ஜிபி பென்டிரைவுல அடங்குற சாமான். நம்ம வீட்ல எடத்த அடைக்கிறது மறுபடி கெடைக்கிற படங்கதான், கெடைக்காதது எல்லாம் சேந்தாலும் கொஞ்சந்தான் வரும். அதனால கெடைக்காதத மூணு எடத்துல வைக்க பெரிய செலவே ஆகாது, ஆனா முக்காவாசி பேரு ரெண்டு கூட்டத்தையும் ஒரே பெரிய டிஸ்க்ல கொண்டு போய் போட்டுட்டு அப்பாடான்னு இருந்துருவாங்க.

நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த நாப்பது கேசட்டையும் ரெண்டு மாசம் உக்காந்து ஏத்தினேன். சில கேசட்டுல டேப்பு மேல வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, நம்ம ஊரு ஈரத்துக்கு அது பிடிக்கும், பஞ்சுல மெல்ல தொடச்சு, பென்சில விட்டு சுத்தி, ஒரு தடவ ஓட்டுனா ஹெட்டுல எல்லாம் பழுப்பா ஒட்டிக்கிடும், அத தொடச்சிட்டு அடுத்தது. ஒரு பாட்டுல நடுவுல உடுக்கை சத்தம் நின்னு அப்பா இருமுற சத்தம் கேக்கும், அவரு மைக்க பிடிச்சிட்டு முன் வரிசையில உக்காந்திருந்திருக்காரு. எல்லாத்தையும் ஏத்திட்டு, டேப்பு இனி ஓடாதுன்னு கேசட்ட எல்லாம் கழிச்சும் போட்டுட்டேன். ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க், அதுல மட்டும். ஒரு நாள் மேசையில இருந்து வயரு காலுல தட்டி டிஸ்க் கீழ விழுந்துச்சு, ஓடிட்டிருக்கும்போதே. எடுத்து மாட்டுனா டிக், டிக், டிக், பொறவு ஒரு சின்ன இழுப்பு, மறுபடி டிக். உள்ள தட்டு சுத்துது, தட்டுக்கு மேல மயிரிழையில ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லாத உயரத்துல மெதக்க வேண்டிய ஹெட்டு தட்டத் தொட்டுருச்சு. நாகர்கோவில்ல ஒரு கடையில குடுத்து அவங்க வெளியூருக்கு அனுப்பி பாத்தும் ஒண்ணும் வரல. மிஞ்சினது பதினொரு கேசட்டு, எங்க அக்கா மார்த்தாண்டத்துல இருந்து கேட்டான்னு ஒரு பென்டிரைவுல போட்டுக் குடுத்தது. மீதி இருபத்தொம்பது இனி இல்ல. அதனாலதான் இத இவ்வளவு அழுத்தி சொல்லுறேன்.

சரி, பெட்டிய பாப்போம். கடையில டிஸ்க் வாங்கிட்டு வந்து மாட்டுனதும் பாதி பேரு ஏமாத்திட்டான்னு நெனைக்கிற ஒரு விசயம் உண்டு, 4 டிபின்னு எழுதிருக்கும், விண்டோஸ்ல 3.63ன்னு காட்டும். ஏமாத்து இல்ல. டிஸ்க் செய்யுறவங்க 1000 1000மா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான். 1 டிபின்னா 931 ஜிபின்னு காட்டும். அதுக்கும் ரொம்ப கொறச்சு காட்டுனாலோ, இல்ல ஆன்லைன்ல நம்பவே முடியாத வெலையில 2 டிபி பென்டிரைவுன்னு வந்தாலோதான் சந்தேகப்படணும். போலி பென்டிரைவு 2 டிபின்னு பொய்யா காட்டும், உள்ள இருக்குறது 32 ஜிபியா இருக்கும், ரொம்புனதுக்கு அப்புறம் போடுறது எல்லாம் காத்துல போயிரும், காப்பி ஆன மாதிரி மட்டும் காட்டும். எச்2டெஸ்ட்-டபிள்யூ (H2testw)ன்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, அது முழு எடத்தையும் எழுதி திரும்ப வாசிச்சு பாத்து உண்மைய சொல்லிரும். புதுசா எது வாங்குனாலும் அதப் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்க.

பென்டிரைவ பத்தி ஒரு வரி போதும், ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு கொண்டு போகவும் மூணாவது பிரதிக்கும் சரி, அதையே வீடா நெனச்சு எல்லாத்தையும் குடி வைக்கப்படாது.

எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்குல ரெண்டு சாதி. கையில அடங்குறது 2.5 இஞ்சு, யுஎஸ்பி வயருலயே கரண்ட எடுத்துக்கும். மேசையில நிக்கிறது 3.5 இஞ்சு, அதுக்கு தனியா ஒரு அடாப்டர் சுவத்துல சொருகணும். அதே காசுக்கு பெரிய கொள்ளளவு வேணும்னா 3.5 லாபம், ஆனா கரண்டு போற ஊருக்கும் அடிக்கடி எடுத்துட்டு போறவங்களுக்கும் 2.5தான் தோது. எஸ்எஸ்டின்னு, சுத்துற தட்டுக்கு பதிலா சிப்புல எழுதி வைக்கிற டிஸ்க் ஒண்ணு உண்டு, அதுல ஓடுற பாகமே கெடையாது, என்ன மாதிரி கீழ போட்டாலும் பெரும்பாலும் தப்பிச்சுக்கும், வேகமும் அதிகம், ஆனா டிபிக்கு டிபி வெல ரொம்ப கூட, படம் பாக்க அந்த வேகம் தேவையும் இல்ல. அது போக எஸ்எஸ்டிய கரண்டே குடுக்காம வருஷக்கணக்குல அலமாரியில போட்டு வச்சா உள்ள இருக்குறது மெல்ல மெல்ல கசிஞ்சு போக வாய்ப்பு உண்டு. அதனால படக்கூட்டத்துக்கு ஹார்ட் டிஸ்க், கெடைக்காத கூட்டத்தோட ஒரு பிரதிக்கு சின்ன எஸ்எஸ்டின்னு வச்சா காசுக்கு ஏத்த பலன்.

டிஸ்க் விவரத்துல எஸ்எம்ஆர், சிஎம்ஆர்ன்னு ரெண்டு வார்த்த வரும், இதத்தான் தம்பி ரொம்ப நேரம் கேட்டான். நம்ம ஊரு ஓட்டு வீட்ட நெனச்சுக்கங்க. ஓடு ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறி கெடக்கும்ல, எஸ்எம்ஆர்ல டேட்டா எழுதுற தடம் அப்படித்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கெடக்கும், அதனால அதே தட்டுல கூட அடங்கும். ஆனா நடுவுல ஒரு ஓடு ஒடஞ்சா மாத்துறதுக்கு மேல ஏறி கெடக்குற ஓட்டையும் தூக்கணும், அதே மாதிரி இதுல பழச அழிச்சு புதுச எழுதும்போது பக்கத்து தடத்தையும் சேத்து திரும்ப எழுத வேண்டி வரும், அப்ப டிஸ்க் மூச்சு வாங்கும். சிஎம்ஆர்ல ஓடு எல்லாம் தனித்தனியா கெடக்குற மாதிரி. படத்த ஒரு தடவ போட்டு நூறு தடவ பாக்குற நமக்கு எஸ்எம்ஆரால பெருசா தொந்தரவு இல்ல, பெரிய 2.5 இஞ்சு டிஸ்க் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். கீழ சொல்லப் போற நாஸ் பெட்டிக்குள்ள போடுறதுக்கு மட்டும் சிஎம்ஆர்னு உறுதியா கேட்டு வாங்குங்க.

டிவியில மாட்டுறதுல நெறைய பேரு தடுமாறுறது டிஸ்க்க ஃபார்மட் பண்ணுற முறையிலதான். ஃபேட்32ன்னு பழைய ஃபார்மட்டுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் போட முடியாது, அதான் சின்ன படம் ஏறுது பெரிய படம் ஏறல. எக்ஸ்ஃபேட் போட்டா அந்த தொந்தரவு இல்ல, விண்டோஸ் மேக் ரெண்டுலயும் எழுதலாம், ஆனா சில பழைய டிவிக்கு அது தெரியாது, அதுக்கு என்டிஎஃப்எஸ் போட்டு பாருங்க. ஃபார்மட் மாத்துனா உள்ள இருக்குறது எல்லாம் போயிரும், அதனால வாங்குன அன்னைக்கே ஒங்க டிவி மேனுவல பாத்து முடிவு பண்ணிருங்க. டிஸ்க்க டிவியில மாட்டும்போது லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா டிஸ்க் போச்சுன்னு பதறாதீங்க, யுஎஸ்பி 2.0 போர்ட்டு 500 மில்லி ஆம்பியர்தான் குடுக்கும், சில டிஸ்க்குக்கு அது பத்தாது. காப்பி பண்ணும்போதும் லேப்டாப்புல எந்த போர்ட்டுன்னு பாருங்க, 1.2 டிபிய பழைய 2.0 போர்ட்டுல ஏத்துனா ஒம்பதரை மணி நேரம் ஆகும், 3.0ல மூணு மணி நேரத்துல முடியும்.

வீட்ல ஆளாளுக்கு ஒரு ரூம்ல ஒரு படம் பாக்குற எடம்னா நாஸ் யோசிக்கலாம். நாஸ்னா மானிட்டர் இல்லாத ஒரு குட்டி கம்ப்யூட்டர், உள்ள ஒண்ணோ ரெண்டோ நாலோ டிஸ்க், ஒரு லேன் வயருல ரவுட்டரோட சேத்து விட்டா டிவி, போன், லேப்டாப் எல்லாத்துலயும் அதே போல்டர் தெரியும். ஜெல்லிஃபின் (Jellyfin)ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் அதுல போட்டா போஸ்டரும் வருஷமுமா அடுக்கி காட்டும், எங்க அம்மாவே ரிமோட்டுல எடுத்து பாக்காங்க. வேகத்த பத்தி கவலப்படாதீங்க, டிவிடி படம் செகண்டுக்கு 10 மெகாபிட்ட தாண்டாது, சாதா ப்ளூரேல வீடியோ 40க்குள்ள, 100 மெகாபிட் லேன்லயே ஓடிரும், 4கே ப்ளூரேய சுருக்காம வச்சா மட்டும் சில காட்சியில 100ஐ தாண்டி நிக்கும்.

ஆனா நாஸ் வாங்குனவங்க பலபேரு ஒரு எடத்துல தப்பா நிம்மதி ஆயிருறாங்க. ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 வச்சா ஒண்ணுல எழுதுறது மத்ததுலயும் அப்பவே எழுதும், ஒரு டிஸ்க் செத்தாலும் படம் நிக்காம ஓடும், நல்ல விசயந்தான். ரெண்டு 4 டிபி போட்டா பயன்படுறது 4 டிபிதான்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும். ஆனா நீங்க தெரியாம ஒரு போல்டர அழிச்சா ரெண்டுலயும் அதே நிமிஷம் அழியும். இடி எறங்குனா பெட்டியோட ரெண்டும் போகும். 2021 ஏப்ரல்ல க்யூலாக்கர்ன்னு ஒரு ரேன்சம்வேர் இன்டர்நெட்டுக்கு தெறந்து கெடந்த நாஸ் பெட்டிகளுக்குள்ள பூந்து, ஃபைல் எல்லாத்தையும் 7-ஜிப்ல பாஸ்வேர்டு போட்டு பூட்டிட்டு பணம் கேட்டுச்சு, அதுல ரெய்டு இருந்தவங்களுக்கும் கதி அதேதான். அதனால ரெய்டு இருக்கு, இனி பேக்கப் வேண்டாம்னு மட்டும் யாரும் நெனைக்காதீங்க, பேக்கப்புன்னா வேற டிஸ்க், வேலை முடிஞ்சதும் வயர உருவி தனியா வைக்கிறது. வெளியூர்ல இருந்து வீட்டு நாஸ பாக்கணும்ங்கற ஆசைக்கு ரவுட்டர்ல போர்ட்ட, அதாவது வெளிய இருந்து உள்ள வர்ற வழிய, தெறந்து விடவும் செய்யாதீங்க. ரெய்டு 0ன்னு ஒண்ணு வேணுமான்னு கேட்கும், அதுல ஃபைல ரெண்டு டிஸ்க்குலயும் பிரிச்சு எழுதும், ஒரு டிஸ்க் போனா ரெண்டுல உள்ளதும் போச்சு, அந்த பக்கமே போகாண்டாம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குன்னு சில விசயம் இருக்கு, பெங்களூர்ல உக்காந்து வீடியோ போடுறவங்க இத சொல்ல மாட்டாங்க. கொளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சின்னு கடல ஒட்டி இருக்குற வீட்ல ஜன்னல் கம்பி எப்படி துருப்பிடிக்குதோ அப்படித்தான் யுஎஸ்பி முனையும் அரிக்கும், அந்த பித்தள வாயி பச்சையாகும், பொறவு லூசு கனெக்ஷன், காப்பி பாதியில நிக்கும், டிஸ்க்குல கொறன்னு நாம நெனப்போம். பேக்கப் டிஸ்க்க நல்லா இறுக்கி மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, நீலக் கலர் மணி வாங்குனீங்கன்னா ஈரம் குடிச்சதும் ரோஸ் கலரா மாறும், மாத்த வேண்டிய நேரம்னு பாத்தாலே தெரியும். நமக்கு தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு மழையும் உண்டு, வருஷத்துல முக்காவாசி காத்துல ஈரந்தான். இடி மின்னல் இருக்கும்போது அடாப்டர் டிஸ்க்கும் நாஸும் சுவிட்ச அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்க உருவுங்க, ரவுட்டருக்கு வர்ற வயரும் சேத்துத்தான். நாஸ் வச்சா யுபிஎஸ் கட்டாயம், யுபிஎஸ்ல இருந்து யுஎஸ்பி வயர நாஸ்ல மாட்டி விட்டா கரண்டு போயி பேட்டரி எறங்குறதுக்குள்ள அதுவே முறைப்படி ஆஃப் ஆகிக்கும். 2017 நவம்பர் 30 ஓக்கி புயல்ல போஸ்ட் எல்லாம் சாஞ்சு நாள் கணக்குல நாம இருட்டுல கெடந்தது ஞாபகம் இருக்கும்ல, வீட்டுல ஒரே எடத்துல எல்லாத்தையும் வைக்காதீங்கன்னு நான் சொல்லுறதுக்கு அந்த புயலும் ஒரு காரணம். ஓடு பறந்த வீட்ல அலமாரிக்குள்ளயும் தண்ணிதான்.

கிளவுட் கேட்டீங்கன்னா, கூகுள் அக்கவுண்ட்ல 15 ஜிபி இலவசம், அதுல மெயிலும் அடக்கம். ஒண்ணரை டிபி படத்த அதுல ஏத்த நெனைக்காதீங்க, மாசாமாசம் காசு போயிட்டே இருக்கும். கெடைக்காத கூட்டத்துல ரொம்ப முக்கியமான பத்து ஜிபிய மட்டும் ஏத்துங்க.

வச்சதுக்கு அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு வாட்டியாவது எல்லா டிஸ்க்கையும் எடுத்து மாட்டுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச புரோகிராம்ல ரீஅலோகேட்டட் செக்டார்ஸ், கரண்ட் பெண்டிங் செக்டார்ஸ்னு ரெண்டு வரிய பாருங்க, டிஸ்க்ல கெட்டுப்போன எடமும் சந்தேகமான எடமும் எத்தனைன்னு அது சொல்லும், ரெண்டுலயும் சைபர் இருந்தா நல்லது, அந்த எண்ணு கூடிக்கிட்டே வந்தா அந்த டிஸ்க்ல இருந்து அன்னைக்கே எல்லாத்தையும் மாத்துங்க. ஃப்ளாக்ல ஒரு நல்ல விசயம், பாட்டோட கைரேக மாதிரி ஒரு கணக்க அந்த ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சிருக்கும், டெஸ்ட் பண்ண சொன்னா ஒவ்வொரு பாட்டும் ஏத்துன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கான்னு சொல்லிரும். அந்த பதினொரு வில்லுப்பாட்டையும் நான் கொடைக்கு ஒரு வாரம் முன்னால டெஸ்ட் போட்டு பாத்துருவேன்.

தம்பிக்கு கடைசியா சொன்னது இதுதான். அந்த 5 டிபிய விடு, 4 டிபி 2.5 இஞ்சு ரெண்டு வாங்கு, முடிஞ்சா ரெண்டையும் வேற வேற கம்பெனியில வாங்கு, ஒரே நாள்ல ஒரே கடையில எடுத்தா ஒரே பேட்ச்ல உள்ள கொற ரெண்டுக்கும் இருக்கும். ஒண்ணு டிவி பக்கத்துல, இன்னொண்ணு டப்பாவுல அலமாரி மேல, மாசம் ஒரு நாள் எடுத்து புதுசா வந்தத காப்பி பண்ணிட்டு உருவி வை. காசு முட்டுனா படத்துக்கு ரெண்டாவது பிரதி அடுத்த வருஷம் பாத்துக்கலாம், ஆனா கல்யாண வீடியோவும் பிள்ளை வீடியோவும் 180 ஜிபிதான, அதுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி இந்த மாசமே வாங்கு, அத ஒங்க வீட்ல வைக்காத, தக்கலையில நம்ம வீட்ல வையி, கடக்காத்தும் இங்க எட்டாது. நல்ல நாளு பெரிய நாளுக்கு வரும்போது எடுத்துட்டுப் போயி புதுசு சேத்து கொண்டு வா. நாஸ் இப்ப வேண்டாம், நீங்க மூணு பேரு, டிவி ஒண்ணு.

சரிண்ணேன்னுட்டு, அம்மாகிட்ட பாட்டா பேசுன கேசட்டு ஒண்ணு கெடக்குன்னு சொன்னான், ஓடுமான்னு தெரியலையாம். வீட்ல ஓட்டி பாக்காத, பழைய பிளேயர்ல மாட்டுனா டேப்ப தின்னுரும், சேலைக்கு நடுவுல இருக்குற மாதிரியே வெயிலு படாம எடுத்துட்டு ஞாயித்துக்கெழம வா, டெக்கு ஹெட்ட தொடச்சு வச்சிருக்கேன்னு சொல்லிருக்கேன்.